சிவப்புத் தலைப்பாகை

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதாகியும் ஊரில் எல்லோருக்கும் நான் "டேய்"தான். வாயில்லாப் பூச்சி என்று பெயர்.

அந்த வருஷம் சுற்றிலும் அம்மை. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியவர்கள் நோம்பி முடியும்வரை எல்லை தாண்டக்கூடாது. வெளியூரிலிருந்து நிறைமாதக்காரி யாரும் உள்ளே வரக்கூடாது. பிள்ளை பிறந்தால் தீட்டு, ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று பயம். ஊர்ப் பெரியதனக்காரர் என் தலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டி, பிரம்பு கொடுத்து எல்லைக்கல்லில் நிறுத்தினார். மறுநாளே எல்லோரும் "காவக்காரரே" என்றார்கள். என் குரல் தடித்துப்போனது. புல்லுக்கட்டோடு வந்த கிழவியைக்கூட அதட்டினேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் என் தங்கை வந்தாள். தலைப்பிரசவம். புருஷன் அணை வேலைக்குப் போயிருந்தான், மாமியார் இல்லாத வீடு. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நான்கு மைல் தனியாக நடந்து வந்திருந்தாள்.

"அண்ணா, வலி எடுத்திருச்சு. அம்மாகிட்டப் போயர்றேன்."

"காப்புக் கட்டியாச்சு. திரும்பிப் போ."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். பிரம்பை அவள் வயிற்றுக்குக் குறுக்கே நீட்டினேன். வேலியோரம் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட "உடாதே" என்று சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததே எனக்குப் போதுமாயிருந்தது.

சேதி கேட்டு அம்மா ஓடிவந்தாள். அவள் கையில் கட்டியிருந்த காப்பைக் காட்டி அவளையும் மறித்தேன். இருபதடி தள்ளி வேலமரத்தடியில் தங்கை கத்தினாள், அம்மா இந்தப் பக்கம் நின்று கத்தினாள். ஆடு மேய்க்க வந்த ஒருத்திதான் பிள்ளையை எடுத்தாள். அது அழவேயில்லை. ஆண் குழந்தை.

சாயங்காலம் பெரியதனக்காரர் வந்து பார்த்தார்.

"நீ கண்டுங்காணாம உட்டுருவேன்னுதான் நெனச்சேன். நானும் கேட்டிருக்கமாட்டேன். கூடப் பொறந்தவளையே உடலியேப்பா!" என்று முதுகில் தட்டினார்.

அம்மா என் எதிரில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். பாவி, எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.