குழந்தையை வாங்கிப் போனவர்

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன். போன மார்ச் மாதம், கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில் எனக்கு நடந்தது.

அப்போது என் காலைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஏழு மணிக்கு எழுவேன். அரிசிக் கஞ்சியைச் சுட வைப்பேன். மகள் லெலெயை எழுப்பி, முகம் துடைத்து, இரட்டைச் சடை போடுவேன். ஒன்று மேலே ஏறியிருக்கும், ஒன்று கீழே இறங்கியிருக்கும். அவளுக்கு இரண்டு வயது, அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள். கஞ்சியில் பாதி அவள் வாய்க்கும் பாதி என் சட்டைக்கும் போகும். மழைக்கோட்டு மாட்டி, ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நிற்க வைத்து, சந்து முனைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவேன். பத்து மணிக்கு அலுவலகம். என் மனைவி பெய்-ருங் புற்றுநோயில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சிக்கல் மாலையில்தான். நான் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கப்பல் கிளம்பினால்தான் நாங்கள் கிளம்ப முடியும். வீடு சேர ஒன்பது ஆகிவிடும். காப்பகமோ ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும்.

யீலானிலிருந்து மாமியார் தினமும் போன் செய்வார்.

"ராத்திரி பிள்ளைய யார் பாக்குறது மாப்பிள்ளை? ஒரு நாள் ஆள் கிடைக்கலன்னாலும் அவ இங்க வந்துடணும். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி அத்தை."

அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடும் சத்தம் அவளுடையது மட்டும்தான். அதைக் கொடுத்து அனுப்ப என்னால் முடியாது.

மூன்றாவது மாடி ஜியாங் அக்கா ஒத்துக்கொண்டார். அறுபது வயது, தனி ஆள். முதல் நாள் நான் "அம்மா" என்று கூப்பிட்டேன்.

"அம்மான்னா கூலி ரெட்டிப்பு தம்பி. அக்கான்னே கூப்பிடு."

மாலையில் அவரே போய் லெலெயை அழைத்து வருவார். ஒன்பது மணிக்கு நான் வாங்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஏறுவேன். முதல் வாரம் நன்றாகப் போனது.

இரண்டாவது வாரம் ஒரு இரவு, லெலெ குளித்த வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. அக்கா எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. மழை ஓயாத கீலுங்கில் எதுதான் காய்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த இரவும் அதே வாசனை. தரையும் ஈரம். அதற்கடுத்த இரவு நன்றி சொன்னேன்.

"நகமெல்லாம் வெட்டி விடுறீங்க. ரொம்ப நன்றி அக்கா."

"நானா? ராத்திரியில நகம் வெட்டுற ஆளா நான்? நல்லா இருக்கே. நீதான தம்பி வெட்டிட்டு வந்த."

"நான் எப்போ?"

"ஏழு மணிக்கு. தினமும் சாப்பாட்டு நேரத்துல வந்து மேல தூக்கிட்டுப் போற. எட்டு மணிக்குக் குளிப்பாட்டிக் கொண்டாந்து விடுற. அது சரி... வெளிய இந்த மழை கொட்டுது, நீ மட்டும் எப்படி நனையாம வர்ற? உங்க ஆபீஸ்ல ஊருக்கே கூரை போட்டுட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. அந்த மூன்று நாளும் ஏழு மணிக்கு நான் நான்கு பேரோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. "நூல் வெட்டுனாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் அடக்கத்துக்கு முன் இறந்தவரின் சட்டைக் கையில் ஒரு நீள நூலைக் கட்டுவார்கள். மறுமுனையை உறவுகள் வரிசையாகப் பிடித்திருப்பார்கள். பூசாரி ஒவ்வொருவருக்கும் அதை வெட்டிவிடுவார். இறந்தவர் யாரையும் தொடர்ந்து வரக் கூடாது என்பதற்காக. பெய்-ருங்குக்கு அதைச் செய்த நேரத்தில் லெலெ வீறிட்டு அழுதாள். அன்றும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான்தான் வெளியே தூக்கிப் போய்ப் பால் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நூலை எரித்து முடித்திருந்தார்கள்.

"அப்போ உனக்கும் வெட்டல."

"இல்ல."

"பிள்ளைக்கும்?"

"இல்ல."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மாமியாரிடம் சொன்னால் மறுநாளே லெலெயைக் கொண்டு போய்விடுவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"ஒன்பது மணிக்கு முன்னாடி யார் வந்தாலும் குழந்தைய குடுக்காதீங்க."

"நீயே வந்தா?"

"நானே வந்தாலும்."

மறுநாள் மாலை 6.55. அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். லெலெ சாப்பிட்டுவிட்டாள், பொம்மை நாடகம் பார்க்கிறாள் என்றார். பேசிக்கொண்டே இருங்கள் என்றேன்.

"என்னத்தப் பேசுறது? மீன் விலை சொல்லட்டா?"

சொன்னார். மீன், முட்டை, கீரை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

7.00.

போனில் அழைப்பு மணி ஒலித்தது.

ஒரு தடவைதான்.

"யாரு அக்கா?"

செருப்புச் சத்தம். கதவுத் துளையில் பார்க்கிறார் போலிருந்தது. பிறகு மூச்சோடு மூச்சாக...

"நீதான் நிக்கிற."

"திறக்காதீங்க."

"தம்பி... என்னயவே பாக்குற. கண்ண எடுக்க மாட்டேங்குற..."

பின்னால் சின்னக் காலடிகள் ஓடிவந்தன.

"அப்பா! அப்பா!"

பூட்டு திரும்பும் சத்தம்.

போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மழை. இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டினேன்.

7.20க்கு மூன்றாவது மாடி. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், மேலே ஏறும் படிகளைப் பார்த்தார்.

"குழந்தை?"

உள்ளே போனார். லெலெயைத் தூக்கிவந்து என் கையில் வைத்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். வெதுவெதுப்பாக இருந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. மூன்று பூட்டுகள் விழுந்தன.

மேலே ஏறினேன். வீட்டில் யாரும் இல்லை. எல்லா அறையிலும் பார்த்தேன். விடியும்வரை அவளை மடியிலேயே வைத்திருந்தேன். அவள் எழவில்லை. அழவில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

காலையில் கீழே கார் நின்றது. அக்காவின் மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அக்கா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் லெலெயைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவர் கண்ணாடியைக் கொஞ்சமாகத்தான் இறக்கினார். லெலெ அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் திரும்பச் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவர் என் போனை எடுத்ததே இல்லை. அன்று அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கட்டடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். லெலெ இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். மாமியாரும் இப்போது அவளைக் கேட்பதில்லை. ஒரு முறை வந்து பார்த்தார், தூக்காமலே போய்விட்டார்.

அக்கா சொன்னது இவ்வளவுதான்.

"நேத்து முதல்ல வந்தப்பவே பிள்ளைய உன் கையில குடுத்துட்டேன் தம்பி. நீ தூக்கிட்டு மேல போறதப் பாத்துட்டுத்தான் கதவச் சாத்துனேன். திரும்புனா, பாயில ஒண்ணு படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. ரெண்டாவது தடவ நீ வந்தப்போ, அதத்தான் உன்கிட்ட குடுத்தேன்."