பால்குடம் எடுத்த முகம்

கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகிறவள் நான். வழியில் பொழுது போகட்டும் என்று உடன் வேலை செய்யும் சாந்தி ஒரு புது ஆன்லைன் விளையாட்டைக் காட்டினாள். "மாயாஜால உலகம்க்கா. போட்டோ கொடுத்தா உங்களையே வீராங்கனையா ஆக்கிடும் லா," என்றாள்.

தைப்பூசத்தில் பால்குடம் எடுத்த அன்று பிடித்த படத்தைக் கொடுத்தேன். விரதம் இருந்த முகம், களையாக இருக்கும். அந்த வீராங்கனைப் பொம்மைக்கு நெற்றித் திருநீறுகூட அப்படியே வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் அரக்கனைக் கொன்றதும் கவசம் பரிசாக வந்தது. கவசமாம்! இரண்டு துண்டுத் துணி. அதைக் கழற்றி மாற்றவும் வழியில்லை. அதே விளையாட்டில் சுற்றி நின்ற மற்றவர்கள் ஏதோ பொத்தானை அழுத்த, என் முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பொம்மை இடுப்பை ஆட்டியது. ஒருவன் தமிழிலேயே எழுதினான்: "கிள்ளான் ஸ்டேஷன்ல தினமும் பார்க்கிற அக்காதானே? இன்னொரு தடவை ஆடுங்க."

உடனே விளையாட்டை மூடினேன். கணக்கை அழிக்கப் போனால், ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது. ஏழு நாளும் ரயிலில் யார் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாலும் உடம்பு கூசியது. "கேம்தானேக்கா, விடுங்க லா," என்றாள் சாந்தி. அவள் முகமா அங்கே நின்றது?

இப்போது எந்தச் செயலி கேட்டாலும் படம் கொடுப்பதில்லை. இந்த ஆண்டும் பால்குடம் எடுத்தேன். தங்கை ஆசையாகக் கைப்பேசியை நீட்டினாள்.

"வேணாம்மா. முருகன் பார்த்தா போதும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.