மணிக்கட்டில் இரண்டு விரல்

இன்னாசியம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையின் துடிப்பைக் கேட்கக் கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுக்கும்போது, இரண்டு விரல் அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருக்கும். கூட வேலை பார்த்த நர்சுகள், "அக்கா வளையல் விக்கறவங்க மாதிரி கையைப் புடிச்சுக்குவாங்க" என்று கேலி செய்வார்கள். சிரிக்கட்டும். அது எந்த வயிற்றெரிச்சலில் வந்த பழக்கம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அவர் பாப்பாரப்பட்டிச் சுற்றுப்பக்கம் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தார். கைராசிக்காரர் என்று பேர். அங்கே முனியம்மாள் என்றொருத்திக்கு நிறைமாதத்தில் காய்ச்சல் கொதித்தது. "நேத்திலிருந்து அசைவே இல்லீங்க நர்சம்மா" என்றாள். குழலை வைத்ததும் மடமடவென்று ஒரு துடிப்பு கேட்டது.

"நூத்து முப்பது. புள்ள நல்லா இருக்குது, தூங்குது."

இப்படிச் சொல்லி, மாத்திரை கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் பிறந்த பிள்ளைக்குத் தோல் உரிந்திருந்தது. உள்ளேயே என்றைக்கோ போய்விட்டிருந்தது. காய்ச்சலில் ஓடிய தாயின் நாடியைத்தான் பிள்ளையின் துடிப்பென்று எண்ணியிருக்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எழுபத்தேழில் அவர் தருமபுரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. டாப்ளர் என்றார் டாக்டரம்மா. வயிற்றில் பசையைத் தடவிக் குமிழை வைத்தால், பிள்ளையின் இதயம் ஓடுவது அறை முழுக்கக் கேட்குமாம். இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறு வருஷம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்தப் பாழாய்ப்போன மிஷின் என்று மனசுக்குள் திட்டவும் செய்தார்.

அந்த வாரமே முனியம்மாள் வந்தாள். ஆறு வருஷம் கழித்துத் தரித்தது, எட்டு மாதம். ரத்தமே இல்லாத உடம்பு, பயம் வேறு. அன்று சொன்னதையே சொன்னாள்: "நேத்திலிருந்து அசையலீங்க."

டாக்டரம்மா குமிழை வைத்தார். வஷ், வஷ், வஷ் என்று வேகமாக வந்தது சத்தம்.

"நூத்து முப்பது. நல்லா இருக்கும்மா" என்றார்.

முனியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "என்னமா ஓடுது பாருங்க நர்சம்மா."

இன்னாசியம்மாளின் இரண்டு விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. பெட்டி வஷ் என்றபோதெல்லாம் விரலுக்கடியிலும் ஒரு துடிப்பு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

டாக்டரே சொல்லியாயிற்று, நமக்கென்ன வந்தது, வாயை மூடிக்கொண்டு போகலாம். அந்த நினைப்பு வரத்தான் செய்தது, மறைப்பானேன்.

"டாக்டரம்மா, இது தாயோட நாடிங்க. கையைப் புடிச்சுப் பாருங்க."

டாக்டரம்மா பிடித்துப் பார்த்தார். குமிழை இடம் மாற்றி மாற்றி வைத்தார். வேறு சத்தம் வரவே இல்லை. பெட்டியை அணைத்தார்.

முனியம்மாள் அணைந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் கேட்டது?"

"உன்னோடதுதான் கண்ணு" என்றார் இன்னாசியம்மாள்.

"அன்னைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமுங்க நர்சம்மா." குரலில் கோபமே இல்லை. "நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. ரெண்டு நாளும் அதுகூடப் பேசிக்கிட்டே இருந்தேனுங்க."

இன்னாசியம்மாள் அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.