மேல்மண்ணையும் கிழித்த விரிசல்

பாறை அடுக்குகளில் எது மூத்தது, எது இளையது என்று பார்த்துச் சொல்லும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவளுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. பள்ளத்தில் இறங்குவதற்கு முன் மூன்று தடவை அண்ணாந்து பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். "நீ வந்து வந்து பாக்குறதுல திருடனே வெறுத்துப் போயிடுவான்" என்பார் தையல்காரரான கணவர்.

மலைப்பாதையை அகலப்படுத்த அடிவாரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை காலை வழக்கமான சோதனைக்குப் போனாள். அந்த மலை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அடியில் கறுப்புக் களிப்பாறை, அதன்மேல் சிப்பி பதிந்த சுண்ணாம்புக்கல், உச்சியில் சிவப்பு மணற்கல். முதலில் படிந்தது அடியில் இருக்கும், பின்னால் வந்தது அதன்மேல் உட்காரும். மூத்தவன், நடுவன், கடைக்குட்டி.

அன்று வெட்டிய இடத்தில் சிவப்பு இருந்தது, சுண்ணாம்பும் இருந்தது. கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு மண். விரலால் நோண்டினாள். ஒரு மக்கிய வேர் கையோடு வந்தது. நேற்றைய மண்ணின் மேல் கோடி வருஷப் பாறை எப்படி வந்து படியும்? படியவில்லை. மலையின் ஒரு துண்டு எப்போதோ மேலிருந்து வழுக்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் காலைத்தான் இப்போது வெட்டுகிறார்கள்.

பொறியாளர் சிரித்தார். "எப்பவோ சரிஞ்சது மேடம். நம்ம தாத்தாவுக்கே தாத்தா காலத்துல நடந்திருக்கும்."

இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேலே ஏறினாள். மேட்டில் ஆறு வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றின் பின்புறம் புல்லுக்கு நடுவே ஒரு விரிசல் ஓடியது. பாறையை மட்டும் கிழித்திருந்தால் பழசு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அது மேல்மண்ணையும் கிழித்திருந்தது. கிழிபட்டது முதலில் இருந்திருக்க வேண்டும். கிழித்தது அதற்குப் பின்னால்தான் வந்திருக்க வேண்டும். விரிசலோடு நடந்தாள். கடைசி வீட்டின் சிமென்ட் வடிகாலையும் அது இரண்டாக வெட்டியிருந்தது. வடிகாலில் புதிதாகப் பூசிய இடமும் பிளந்திருந்தது.

"இதை எப்பம்மா பூசினீங்க?" துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள்.

"போன மாசந்தான் அக்கா. என்ன கலவை போட்டானோ, நிக்கவே மாட்டேங்குது."

அப்படியானால் போன மாதத்துக்குப் பிறகும் மலை நகர்ந்திருக்கிறது.

வந்த வழியே வேகமாக இறங்கினாள். கீழே எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். "எல்லாரும் வெளிய வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பொறியாளர் முகம் சிவந்து, "யாரைக் கேட்டு வேலையை நிறுத்துறீங்க?" என்றார். மண்தோண்டும் வண்டியின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். "இந்தம்மா பயந்து பாத்திருக்கேன் சார். கத்தி இன்னைக்குத்தான் பாக்குறேன். நான் உள்ள இருக்க மாட்டேன்." மற்றவர்களும் அவர் பின்னால் வந்தார்கள்.

அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதில், மாலைக்குள் ஆறு வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போனார்கள். வியாழன் போனது, வெள்ளி போனது. மலை கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. சனிக்கிழமை வடிகால் வீட்டுக்காரி பள்ளி வாசலில் அவளை மறித்தாள். "குழந்தைங்களை வெறுந்தரையில படுக்க வச்சிருக்கேன் அக்கா. நிஜமாவே விழுமா?"

"நகருதும்மா. எப்ப விழும்னுதான் தெரியல" என்றாள். அன்று சாயங்காலம் தன் மனசுக்குள் ஓடியதைக் கண்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. விழுந்து தொலைந்தால் தேவலையே என்று நினைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் விழுந்தது. சாலையை மூடிக்கொண்டு மூன்று வீடுகளோடு இறங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. பொறியாளர் அவளைத் தொலைபேசியில் அழைத்து ஏதோ சொல்லத் தொடங்கினார், முடிக்க முடியாமல் வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வடிகால் வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீடு போனதற்கா, பிள்ளைகள் பிழைத்ததற்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது விழணும்னு நினைச்சேங்க. என் பேச்சு பொய்யாகக் கூடாதுன்னு, அவங்க வீடு போனாலும் பரவாயில்லன்னு நினைச்சேன். என்னை நினைச்சாலே பயமா இருக்கு."

கணவர் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"நீ நினைச்சா மலை விழுமா? புதன்கிழமை கத்துனது நீதான். அது போதும். எழுந்து முகம் கழுவு."

முகம் கழுவிக்கொண்டாள். ஐந்தாம் நாள், சரிந்த மேட்டில் மிச்சமிருந்த மூன்று வீடுகளுக்குப் பின்னால் மண்ணைப் பார்க்க அழைத்தார்கள். போனாள். ஏறுவதற்கு முன் மூன்று தடவை அண்ணாந்து பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.