பேச்சியின் கம்ப்யூட்டர் தானாகப் படுத்து எழுந்த கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனிடம் உள்ள மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கும். மேலகரத்தில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லித்தான் காலம் தள்ளுகிறேன். நான் டிவி ரிப்பேரிலிருந்து வழுக்கி இந்தத் தொழிலில் விழுந்தவன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கெட்டுப்போன பெட்டிகளே வாத்தியார்கள். அவற்றில் சில வாத்தியார்கள் ஷாக்கும் அடிப்பார்கள்.

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. வேலை நடுவில் திரை கறுத்துப் போயிருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்திருக்க மாட்டீர்கள். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் "நீ என்னத்தைப் போட்டு அமுக்கினே?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை ஒரு சாரல் காலம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீரியல் செட்

குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டியிருக்கும் மிலிட்டரி அண்ணாச்சியின் மகள் பேச்சியம்மாள். அண்ணாச்சி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுக்கு சுபேதார். பேச்சி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஆனால் விளையாட்டு. ஐந்து பேர் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டி, பேசிக்கொண்டே எதிரணியைச் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு. அதற்கென்றே தன் சம்பளத்தைச் சேர்த்து, எங்கள் ஊர்க் கடைகள் கண்ணால் பார்த்திராத பாகங்களை வரவழைத்தாள். நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொட்டேன்.

மாட்டி முடித்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் ஓடின. பெட்டியின் பின்பக்க விசிறிகள் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். அதனால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, முதுகு சன்னலைப் பார்த்து இருக்கட்டும், சூடு அப்படியே வெளியே போய்விடும் என்று சொல்லி, மேசையை நானே நகர்த்தி சன்னலுக்கு முன்னால் போட்டேன். பெட்டி பாதிச் சன்னலை மறைத்தது. மீதியைத் திரைச்சீலை மறைத்தது. அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்த மிலிட்டரி அண்ணாச்சி கேட்டார்: "கல்யாண வீட்டு சீரியல் செட்டை எதுக்கு வே பொட்டிக்குள்ள போட்டு அடைச்சிருக்கீரு?"

மந்திரம் திரும்பி வந்தது

கோடை வெயிலில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், மலையில் மேகம் இறங்கி குற்றால சீசன் ஆரம்பித்ததும் கோளாறு செய்தது. ஒரு சாயங்காலம் பேச்சி போன் செய்தாள். "மாமா, சண்டை நடுவுல டப்புனு அணைஞ்சு, தானா ரீஸ்டார்ட் ஆகுது. நான் திரும்பி உள்ள போறதுக்குள்ள எங்க ஆளுங்க எல்லாரும் செத்துக் கெடக்காங்க." முதல் தடவை கேட்டபோது எனக்குப் பதறிவிட்டது. விளையாட்டில் செத்தார்கள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

மறுநாள் காலை போனேன். கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடியது. நடந்ததையெல்லாம் அதுவே உள்ளே குறித்து வைத்திருக்கும், திறந்து பார்த்தேன். 'எதிர்பாராமல் மின்சாரம் நின்றது' என்று இருந்தது. செத்தவர் மூச்சு நின்றதால் செத்தார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. பேச்சிக்கு முகமே சரியில்லை. "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் மேட்ச் மாமா. அன்னைக்கும் நடுவுல நான் காணாமப் போனா, மதுரைக்காரன் ஒருத்தன் ரெடியா இருக்கான், அவனை எடுத்துருவோம்னு எங்க கேப்டன் சொல்லிட்டாங்க" என்றாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அப்பா முந்திக்கொண்டார்: "ஊருக்கெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணுன்னு உபதேசம் பண்ணுதீரு. உம்ம கையால செஞ்சதுல்லா, சொல்லாமலே பண்ணுது!"

கடையில் சாது

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கடைக்குக் கொண்டு வந்தேன். இப்படிப்பட்ட நோய்க்கு வைத்தியம், கம்ப்யூட்டரை மூச்சு முட்ட வேலை வாங்குவது. அது விழுந்தால் நமக்கு சந்தோஷம். உலகத்திலேயே நோயாளி மயங்கி விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் வைத்தியர்கள் நாங்கள்தான். சோதனை புரோகிராம்களை ஓட்டினேன். நினைவகத்தைக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பேச்சியின் விளையாட்டையே போட்டேன். எனக்கு விளையாடத் தெரியாது. என் சிப்பாய் ஒரு சந்தில் சும்மா நின்றான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனைச் சுட்டான். அவன் செத்துச் செத்துப் பிழைத்தான். கம்ப்யூட்டர் மட்டும் சாகவே இல்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடை கோமதிநாயகம் தன் வாடிக்கையாளர்களை நிறுத்தி வைத்துவிட்டு வந்து இந்தப் படுகொலையைப் பார்த்தார். "இன்னும் விழலையா?" என்று கேட்டுக் கேட்டுப் போனார். அன்று விழவில்லை, மறுநாளும் விழவில்லை. சூடு எவ்வளவு என்று பார்த்தேன், அளவோடுதான் இருந்தது. திருப்பிக் கொண்டுபோகப் பெட்டியைக் கட்டும்போது கோமதிநாயகம் சொன்னார்: "காய்ச்சல்னு தூக்கிட்டு வந்த பிள்ளை ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி ஓடியாடி வெளையாடும் பாத்தியளா அண்ணாச்சி, அந்த ரகம் இது."

அருவியில் குளிக்கத் தடை

பெட்டி வீட்டுக்குப் போன சாயங்காலமே படுத்து எழுந்தது. சரி, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, அதைக் கழற்றிப் புதிது மாட்டினேன். அதற்குப் பிறகு வரிசையாகச் சில நாள் ஒரு புகாரும் இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நலம் விசாரிக்கப் போனேன். வீட்டில் மிலிட்டரி அண்ணாச்சிதான் கூண்டில் அடைத்த புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். மலையில் நல்ல மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சீசன் வந்தால் தினமும் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவது அவருக்குப் பட்டாள டியூட்டி மாதிரி. "ரெண்டு பேரு சேந்து நிக்க எடம் கெடைச்சாப் போதும், நான் குளிச்சிருவேன். உள்ளயே விட மாட்டேங்கான் வே" என்று புலம்பினார். எனக்கு அந்தப் புலம்பலில் ஒன்றும் உறைக்கவில்லை. பேச்சி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பவர் சப்ளையைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்தேன்.

தடையை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே போன் வந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் வயரிங்கைப் பார்த்தோம். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டோம். யுபிஎஸ்ஸை மாற்றினோம். பேச்சி என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "இன்னும் ஒரு தடவை பாருங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். நான் கிளம்பும்போது அவள் அம்மா பெட்டியின் மேல் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். மிளகாயும் எலுமிச்சம்பழமும். வண்ண விளக்கில் எலுமிச்சம்பழம் ஊதா நிறத்தில் தெரிந்தது. "என் பங்குக்கு திருஷ்டி கழிச்சிட்டேன் அண்ணாச்சி," என்றார், "நீங்களும் ஒங்களால ஆனதைச் செய்யுங்க."

வாடை

மேட்சுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலையில் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு, பேச்சி விளையாடும் நேரத்துக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் சூடு எவ்வளவு என்று எண் தெரியும்படி வைத்தேன். அவள் தன் கூட்டாளிகளோடு விளையாட ஆரம்பித்தாள். "வலது பக்கம் வாங்க, வலது பக்கம்! ஏலே, அது எடது!" எல்லாம் ஒழுங்காக நடந்தது. எண்ணும் ஏறவில்லை. வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அருவியிலிருந்து திரும்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. ஈரத் துணி வெதுவெதுப்பில் அவிகிற வாடை. எனக்கு அதை நன்றாகத் தெரியும். என் மனைவி இருந்தபோது, சாரல் காலத்தில் துணி காயாது என்று, கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குண்டு மானிட்டரின் தலையில் என் பனியனை விரித்துவிடுவாள். ஆள் வந்தால் சட்டென்று எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். தினமும் காய்ந்த பனியன் கிடைத்ததால் நானும் வாயைத் திறந்ததில்லை. அவள் போனதோடு அந்த வாடையும் கடையை விட்டுப் போனது. இப்போது பேச்சியின் அறையில் அதே வாடை. திரையைப் பார்த்தேன். எண் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்து வெளியே ஓடி வீட்டைச் சுற்றிக்கொண்டு சன்னல் பக்கம் போனேன். சன்னல் கம்பியில், வெளிப்பக்கமாக, இரண்டாக மடித்த ஈரத் துண்டு. அதன் மேல் நாலு முழ வேட்டி. சாரல் காற்று இரண்டையும் சேர்த்து விசிறிகளின் வாயில் அப்பி வைத்திருந்தது. மூச்சு விட வழியில்லாமல் கம்ப்யூட்டர் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது. நான் கை வைப்பதற்குள் உள்ளே பேச்சி "ஐயோ மாமா!" என்று கத்தினாள், படுத்துவிட்டது. வெளியே மிலிட்டரி அண்ணாச்சி தலை சீவிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். சீப்பு பாதித் தலையில் நின்றது. சன்னலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரல்ல எங்கன போட்டாலும் துணி காயல, இங்கன மட்டும் சூடா காத்து வருது. துணி காயப் போட நீரு ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்கீருன்னுல்லா நான் நெனச்சேன்!"

காவல்

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். பேச்சி அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவரோடு பேசவே இல்லை, அவ்வளவுதான். அவரும் அன்று குற்றாலம் போகவில்லை. கைலியை மடித்துக் கட்டி, குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து, தூறலில் சன்னலுக்கு வெளியே நின்றார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கையில் ஒரு துணியோடு அந்தப் பக்கம் வந்தார். "யம்மா, அங்கனயே நில்லு!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அந்த அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டார். பாவம், அது மிதியடி, உதறத்தான் வந்திருக்கிறார்.

உள்ளே நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் அவள் அணியில் நாலு பேரும் விழுந்து, அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். எனக்குப் புரிந்த அளவில், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்திருந்தால் மதுரைக்காரன் வந்திருப்பான். படுக்கவில்லை. எதிராளி விழுந்தான். எனக்கும் கேட்கட்டும் என்று அன்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நாலு ஊர்ச் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. கேப்டன் கோயம்புத்தூர்ப் பெண். "பேச்சி, நீங்க டீம்ல இருக்கீங்க. இவ்வளவு நாளா என்னங்க பிரச்சினை?" என்று கேட்டாள். பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க அப்பா தெனமும் அருவியில குளிச்சாங்க, அதான் ரீஸ்டார்ட் ஆச்சு" என்றாள். கேப்டன் மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்லைங்க, அப்பாவை நல்லாப் பாத்துக்கங்க."

பேச்சி எழுந்து சன்னல் திரையை விலக்கி, "யப்பா, செலக்ட் ஆயிட்டேன், குடையை விரிங்க, நனையுதீங்க" என்றாள். இரண்டு நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அண்ணாச்சி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். அதற்குள் அவள் அம்மா உள்ளேயிருந்து ஒரு குவியல் ஈரத் துணியோடு வந்து என் வழியை மறித்தார்: "மெஷினைச் சரியாக்கிட்டீங்க அண்ணாச்சி, சந்தோஷம். இனி இவுக துண்டை எங்கன போடணும்னு அதையும் சொல்லிட்டுப் போங்க."

அன்றிலிருந்து எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகப் படுத்து எழுந்தாலும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல அருவிக்குப் போறது யாரு?" என்றுதான் நான் கேட்கிறேன்.