நான்கு கட்டங்களில் மூன்றும் ஏழும்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருப்பாள். எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். ரப்பர் தூள் விரிப்பில் விழுந்துவிடக் கூடாது என்று இடது உள்ளங்கையை ஏந்திப் பிடித்திருப்பாள்.

அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணமும் சலவைப் பிரிவுதான். நாற்பத்து மூன்றாவது வயதில், பெரிய இயந்திரத்திலிருந்து வழிந்த சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தவள் ஒரு வாரத்திலேயே எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டாள். கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்; தப்பித்தோம் என்று காலையிலேயே கடைக்குப் போய்விடுவார். மாட்டிக்கொண்டது நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடே இருந்த நாத்தனார், நீதிமன்றத்தில் தட்டச்சர். ஒருநாள் செய்தித்தாளை மடித்து அண்ணியின் மடியில் போட்டாள்.

"இந்தச் சுடோகுவப் போடுங்க அண்ணி. ஒன்பது வரிசை, ஒன்பது பத்தி, ஒன்பது பெட்டி. ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எழுதணும், எதுலயும் ஒரு எண் ரெண்டு தடவ வரக் கூடாது. அவ்வளவுதான். எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

முதல் வாரம் சுலபமானவை. மூன்றாம் வாரம் கடினமானவை. அவற்றில் நேரடியாக நிரப்ப ஒரு கட்டம்கூடக் கிடைக்காது. அப்போதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களையெல்லாம் பொடி எழுத்தில் எழுதி, ஆகாதவற்றை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், கண்டுபிடித்த உத்திகளுக்கெல்லாம் தானே பெயர் வைத்துக்கொண்டாள்.

ஒன்று 'கட்டில்'. ஒரு வரிசையில் ஐந்துக்கு இரண்டே கட்டங்களில்தான் இடம். வேறொரு வரிசையிலும் இரண்டே கட்டங்கள், அதுவும் அதே இரண்டு பத்திகளில். நான்கையும் சேர்த்தால் கட்டிலின் நான்கு கால்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களில்தான் ஐந்து நிற்க முடியும். எந்த இரண்டு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பத்திகளில் வேறெங்கும் ஐந்து வராது, அழித்துவிடலாம்.

இன்னொன்று 'மருமகள்'. நடுவில் ஒரு கட்டம், அதில் இரண்டு அல்லது ஆறு. அதே வரிசையிலோ பத்தியிலோ பெட்டியிலோ இருக்கும் கட்டங்கள் அதன் உறவு. ஒரு பக்கத்து உறவில் இரண்டு அல்லது ஒன்பது. மறு பக்கத்து உறவில் ஆறு அல்லது ஒன்பது. நடுவில் இருப்பவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இருவரில் ஒருவர் ஒன்பதைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஆகவே அந்த இருவருக்கும் உறவான வேறு கட்டத்தில் ஒன்பதுக்கு வேலையில்லை.

"பேரு நல்லா இருக்கு. இதுல நாத்தனார் எங்க இருக்கா?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் நீதான்."

கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். தினமும் இரண்டு செய்தித்தாள் வாங்கினார்கள். ஒன்றை இருவர் பங்கு போட முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அவர்களுக்குள் உண்மையான சண்டை வந்தது மூன்றாவது உத்தியால்தான். நான்கு கட்டங்கள், இரண்டு வரிசை, இரண்டு பத்தி, இரண்டு பெட்டிகளுக்குள் சதுரமாக நிற்கின்றன. மூன்று கட்டங்களில் 'மூன்று அல்லது ஏழு'. நான்காவதில் மூன்று, ஏழு, கூடவே ஐந்து. நான்காவதில் ஐந்து வராவிட்டால், நான்கிலும் மூன்றையும் ஏழையும் இடம் மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது. அப்படியானால் புதிருக்கு இரண்டு விடை ஆகிவிடும். சரியான புதிருக்கு ஒரே விடைதான். ஆக, நான்காவது கட்டம் ஐந்து.

நாத்தனார் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"இது கணக்கு இல்ல அண்ணி. கட்டத்தப் பாத்துச் சொல்லணும். நீங்க புதிர் போட்டவன நம்பிச் சொல்றீங்க."

"நம்பினா என்ன? ஒரே விடைன்னு அவங்களே போட்டிருக்காங்களே?"

"கோர்ட்டுக்கு வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மூன்று ஆண்டுகள் இந்த வாக்குவாதம் வீட்டில் சாமான்போல ஒரு மூலையில் கிடந்தது. வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் சிறப்புப் போட்டி ஒன்று வைத்தது. சரியான விடை அனுப்புகிறவர்களில் குலுக்கல் முறையில் ஒருவருக்குச் சக்கரம் வைத்த பயணப் பெட்டி பரிசு. ரப்பர் அக்கா காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அந்தச் சதுரம் கண்ணில் பட்டது. மூன்று, ஏழு, நான்காவதில் ஐந்தும் உண்டு. யோசிக்காமல் ஐந்தை எழுதினாள். கால் மணி நேரத்தில் அதே பத்தியில் கீழே இன்னொரு ஐந்து வந்து நின்றது.

எங்கோ கை தவறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தாள். மறுபடி அதே இடத்தில் முட்டியது. மூன்றாம் முறை சதுரத்தைக் கண்டுகொள்ளாமல் சுற்று வழியில் போனாள். மருமகள் ஒன்று, கட்டில் இரண்டு, பிறகு 'இது இப்படியானால் அது அப்படி' என்று ஏழு கட்டம் தாண்டுகிற ஒரு சங்கிலி. கடைசியில் எழுபத்தேழு கட்டங்கள் நிரம்பின. மிச்சம் நான்கு. நான்கிலும் மூன்று அல்லது ஏழு. எப்படிப் போட்டாலும் சரி.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கோபம் வரவில்லை. வெளுத்து வந்த விரிப்பில் கறை இருந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சங்கடம்தான் வந்தது.

நாத்தனாரும் அதே நான்கு கட்டங்களில்தான் நின்றிருந்தாள். ஆனால் அவள் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, குத்துமதிப்பாக ஒரு விதமாக நிரப்பி அனுப்பிவிட்டாள். ரப்பர் அக்கா இரண்டு விடைகளையும் எழுதி, நான்கு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு விடை வந்தது. நாத்தனார் போட்டதற்கு நேர் எதிர். இரண்டு விடை என்ற பேச்சே இல்லை.

"அப்ப நான் போட்டது தப்பா?" நாத்தனாருக்குக் குரல் ஏறிவிட்டது.

"தப்பு இல்ல. ரெண்டும் சரி. வா, காட்டுறேன்."

நாத்தனார் இரண்டு விடைகளையும் வரிசை வரிசையாகச் சரிபார்த்தாள். பிறகு, "நம்பாதீங்கன்னு நான் சொன்னேன்ல?" என்றாள்.

வியாழக்கிழமை ரப்பர் அக்காவுக்கு வார விடுமுறை. நாத்தனாரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். இருவரும் செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனார்கள். புதிர்ப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் மெலிந்த மனிதர். மேசையில் பாதி குடித்த தேநீர்க் கோப்பைகள் மூன்று.

"இது கம்ப்யூட்டர் போட்டதுங்க. தப்பே வராது," என்றார்.

"கம்ப்யூட்டர் போட்டது சரியாத்தான் இருக்கும். நீங்க அச்சடிச்சது இது," என்று ரப்பர் அக்கா தாளை விரித்தாள். நான்கு எண்களை அழித்தாள். இடம் மாற்றி எழுதினாள். "இப்ப எங்க தப்பு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வரிசைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பத்திகளையும் பார்த்தார். பிறகு கணினியில் மூலத்தைத் திறந்தார். அந்த நான்கு கட்டங்களில் ஒன்றில் ஏழு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. பக்கம் அமைக்கும்போது அந்த ஒரு எண் உதிர்ந்துபோய், கட்டம் வெறுமையாக அச்சாகிவிட்டது.

"நான் இதப் பத்தி எழுதியும் போட்டேனே?" என்றாள் ரப்பர் அக்கா.

நிராகரித்த கடிதங்களின் கட்டு அலமாரியின் மேல் இருந்தது. தேடியதில் அவளுடையது அகப்பட்டது. மேலே சிவப்பு மையில், 'ஒருவருக்கு ஒரு விடை மட்டுமே' என்று எழுதியிருந்தது. அது அவருடைய கையெழுத்துத்தான். அவர் அதை மறைக்காமல் அவளிடமே நீட்டினார்.

"நான்தாம்மா எழுதினேன். உள்ளே படிக்கவே இல்ல."

இரண்டு விடைகளும் சரி என்று அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. மறுபடி குலுக்கினார்கள். பெட்டி ஒரு பல் மருத்துவருக்குப் போனது.

ஆனால் அதற்கு முன்பே, அன்றைக்கு அலுவலகப் படி இறங்கும்போது புதிர்ப் பக்கத்து மனிதர் பின்னாலேயே வந்து ஒன்று கேட்டிருந்தார். அச்சுக்குப் போகுமுன் வாரப் புதிர்களை அவள் ஒரு தடவை போட்டுப் பார்க்க முடியுமா? சம்பளம் பெரிதாக இருக்காது. அவள் யோசித்துவிட்டு, அச்சாகப் போகும் பக்கத்தையே தர வேண்டும், கணினியில் இருப்பதை அல்ல என்றாள். அவர் சரி என்றார்.

முதல் வியாழக்கிழமையே அவளுக்கு ஒன்று புரிந்தது. சதுர உத்தியை இனி அவள் தொடக் கூடாது. ஒரே விடை என்று நம்பிக்கொண்டு ஒரே விடையா என்று பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் சுற்று வழியில்தான் போனாள். அரை மணி வேலை ஒன்றேகால் மணி ஆனது.

நாத்தனாரோ அந்த மாதத்திலிருந்து சதுர உத்தியைப் போட ஆரம்பித்தாள்.

"கணக்கு இல்லன்னு சொன்னியே?" என்றாள் அண்ணி.

"இப்பவும் கணக்கு இல்லதான். ஆனா சரி பாக்குறது யாருன்னு தெரியுமே."

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அவள் அந்த வேலையைச் செய்தாள். தவறான நான்கு புதிர்களை அச்சுக்குப் போகாமல் நிறுத்தினாள். ஒன்றில் அவளே தவறினாள்: ஆறு ஒன்பதாக அச்சாகியிருந்ததைக் கவனிக்காமல், மங்கலாகத் தெரிந்ததைத் தன் கண்ணின் கோளாறென்று எண்ணி ஆறாகவே படித்துவிட்டாள். இருபத்தொரு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் படித்துவிட்டு, மறுவாரம் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கினாள். பிறகு விடை ஒன்றா இரண்டா என்று நொடியில் சொல்லிவிடுகிற மென்பொருளை அலுவலகம் வாங்கியது. தேநீர்க் கோப்பை மனிதர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "நல்லதுங்க," என்றுதான் சொன்னாள். ஆனால் ஊகிக்காமல் மனிதரால் விடைக்குப் போய்ச் சேர முடியுமா, எத்தனை கஷ்டம் என்பதை அது சரியாகச் சொல்லவில்லை. அவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கஷ்டத்துக்கு ஏற்ப எந்தப் புதிருக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று கேட்டு மறுபடி தாள்களை அனுப்பினார்.

இப்போது சலவைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வியாழக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அவளும் நாத்தனாரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். கணவர் கடைக்குப் போய்விடுகிறார்.

போன வாரம் ஒன்றுக்கு அவள் நான்கு நட்சத்திரம் போட்டாள்.

"மூணுதான்," என்றாள் நாத்தனார். "நடுவுல ஒரு மருமகள். வேற ஒண்ணும் இல்ல."

"அந்த மருமகளக் கண்டுபிடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

நாத்தனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, நாலே போடுங்க."