முதுகில் அச்சடித்த எதிர்ப்பு

எங்கள் ஊரில் நெஞ்சில் இருக்கும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. பனியன் கம்பெனிகள் கழித்துப் போட்டதை உடுத்தித் திரிகிற ஊர் இது. கறிக்கடைக்காரர் ஏதோ வெளிநாட்டுப் பெண்கள் பள்ளியின் பெயரை மாரில் போட்டுக்கொண்டு ஆட்டுக்கறி வெட்டுவார். நிறம் வெளுக்குமா, கழுத்து இழுக்குமா என்றுதான் பார்ப்போம். நான் சொல்லப்போகிற கூத்துக்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

செல்போனில் பாம்பு ஆட்டம் ஆடிய காலம். சோமனூர் போகிற ரோட்டில் எனக்கொரு மளிகைக் கடை இருந்தது. பின்னால் பன்னிரண்டு லைன் வீடுகள். முதல் வீட்டில், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஒரு பெண். எட்டு வருசமாக என்னிடம்தான் மளிகை வாங்கினாள். அவள் எந்தக் கடை உப்பு நல்லது என்கிறாளோ, மற்ற பதினோரு வீடும் அதைத்தான் வாங்கும். அவள் போனால் என் கடை போச்சு. இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

நாலு கட்டடம் தள்ளி ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். பல ஊரில் கிளை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று வீட்டுச் சோற்றுக்கு உப்புப் போடவே மறந்துவிட்டேன்.

எங்கள் சில்லறைக் கடைக்காரர்கள் சங்கம் கூடியது. சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமைதான் ஊரே மளிகை வாங்கும். அன்றைக்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் வரிசையாக நிற்பது என்று முடிவானது. சும்மா நின்றால் யார் மதிப்பார்கள்? கல்யாணமோ கோயில் திருவிழாவோ, எதற்கும் ஒரே நிற பனியன் போட்டால்தான் எங்கள் ஊரில் அது விசேஷம்.

அரிசிக் கடை வைத்திருந்த சங்கத் தலைவர் எழுந்தார். "என்ற மச்சான் கம்பெனில ஒரு லாட்டு பனியன் சும்மா கெடக்குதுங்க. நல்ல பச்சை. நெஞ்சுல இங்கிலீசுல என்னமோ போட்டிருக்குது, அது கெடக்கட்டும். முதுகுல நம்ம வாசகத்தை அடிச்சுக்கலாமுங்க."

"அந்நியக் கடையே வெளியேறு" என்று முதுகில் கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தார். ஆண்கள் அளவு பனியனைப் புடவை மேல் மாட்டிக்கொண்டேன். முழங்கால் வரை தொங்கியது. என் வீட்டுக்காரர் சாயப் பட்டறையில் மாஸ்டர். பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பச்சை ஷேடு சேரலை, அதுனாலதான் வாங்கற பார்ட்டி திருப்பியிருக்கறான்" என்றார். ஊரே பற்றி எரிகிறபோது இந்த மனுசனுக்கு ஷேடு!

ஞாயிறு காலை இருபது பேர் ரோட்டைப் பார்த்து நின்றோம். வெயில் தாங்காமல் ஒவ்வொருவராக நிழலுக்கு நகர்ந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டோம். எங்கள் வாசகத்தைச் சுவர் மட்டும் படித்தது. வந்தவர்கள் கண்ணுக்கு, கடை வாசலில் ஒரே பச்சைப் பனியனில் இருபது பேர் வரவேற்க நிற்கிறார்கள்.

ஒரு பெரியவர் தலைவரிடம் வந்தார். "கண்ணு, நாட்டுச்சக்கரை எங்கிருக்குது?"

தலைவர் கோஷம் போட வாயைத் திறந்தார். வந்ததோ வேறு. "ரெண்டாவது வரிசைங்க, கீழ் தட்டுல." முப்பது வருசம் கல்லாவில் உட்கார்ந்த வாய், என்ன செய்யும்? பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்றதும், எடுத்துக் கொடுக்க உள்ளேயே போய்விட்டார்.

அவருக்கு எப்படி வரிசை தெரிந்தது என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்த வாரத்தில் நானே இரண்டு தடவை முக்காடு போட்டுக்கொண்டு வேவு பார்த்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள், கள்ளப் பயல்கள். ஆளாளுக்கு வழி சொல்லப் போய், அரை மணியில் பாதிச் சங்கம் ஏசிக்குள் இருந்தது. முட்டைக் கடைக்காரர் ஒரு அம்மாவுக்கு முட்டையைக் காதருகே ஆட்டி ஆட்டிப் பொறுக்கிக் கொடுத்தார். கடை மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். "யாருலே இவங்க? நம்ம ஆளுவளவிட நல்லா வேலை செய்யுதாங்க!" என்று வியந்து நின்றான்.

தலைவரை இழுத்து வரத்தான் நான் உள்ளே போனேன். சத்தியமாக அதற்குத்தான். பருப்பு வரிசையில் என் ஓவர்லாக் பெண் கூடையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவள் பார்வை என் நெஞ்சுக்கு இறங்கியது.

"ஏனுங்கக்கா! இது எங்க கம்பெனில நாங்க தெச்ச லாட்டுங்க. வெளிநாட்டுல சூப்பர் மார்க்கெட்டுல வேலை செய்யறவங்களுக்குன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. 'உதவி வேணுமா, என்னைக் கேளுங்க'ன்னு போட்டிருக்குதாமா. நீங்க இங்க வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

நான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன்.

"உங்க கடையைத் தாண்டி வர ஒரு வாரமா மனசு கேக்கலீங்க. உங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு பயந்துட்டே வந்தனுங்க. இப்ப நீங்களே இங்க இருக்கறீங்க. அப்பாடா!"

எட்டு வருசத்தில் அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. திரும்பி முதுகைக் காட்டினால் போதும், எல்லாம் புரிந்துவிடும். காட்டத்தான் நினைத்தேன். அவள் துவரம்பருப்பு எங்கே என்று கேட்டாள். அவளைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். பில் போடும் இடம் வரைக்கும் அப்படியேதான் நடந்தேன். ஒரு சோப்பு அடுக்கில் இடித்தேன், ஐந்தாறு சோப்பு விழுந்தது.

"இடுப்புப் பிடிப்புங்களா?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வீடும் சேர்ந்து அங்கே போனது. எங்கள் அக்கா எங்கே, எங்கள் அக்கா எங்கே என்று வரிசை வரிசையாக என்னைத் தேடினார்களாம். நான் நாலு கட்டடம் இந்தப் பக்கம், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.